12 அறைக்கு மெனேஜ்ட் சுவிட்ச் தேவையா?

அலஸ்தோட்டம் ஹவுஸ்:
அலஸ்தோட்டத்தில 12 அறையோட கெஸ்ட் ஹவுஸ் ஒண்டு நடத்துறன். இப்ப இருக்கிறது சாதாரண 16 போர்ட் சுவிட்ச், நெட்வேர்க் கேபிள் எல்லாத்தையும் ஒண்டாச் சேர்க்கிற பெட்டி. வைஃபை பெட்டிகள், கமரா, ரிசெப்ஷனில பில் அடிக்கிற கொம்பியூட்டர் எல்லாம் அதிலதான். சீசன் தொடங்க முதல் மாத்துவமெண்டு கடையில கேட்டா, "மெனேஜ்ட் எடுங்க, அதுதான் பாதுகாப்பு" எண்டுறாங்க, உள்ளுக்குப் போய் ஒவ்வொரு போர்ட்டுக்கும் செட்டிங் போடக்கூடிய வகையாம். விலை மூண்டு மடங்குக்குக் கிட்ட வருது. தலையில கட்டப் பாக்கிறாங்களா, இல்ல உண்மையிலயே தேவையா?

கிண்ணியா நானா:
தேவையில்ல தம்பி. சாதாரண சுவிட்ச் பிளக்கப் போட்டா ஓடும், அதில குழப்புறதுக்கு ஒண்டும் இல்ல. மெனேஜ்டுக்கு செட்டிங் போட ஆள் வேணும். அந்த ஆள் டோஹாவுக்குப் போயிட்டா உங்களுக்கு மிஞ்சுறது லைட் மின்னுற பெட்டிதான். ரவுட்டரிலயே விருந்தாளிக்குத் தனியா கெஸ்ட் நெட்வேர்க் எண்டு ஒண்டு இருக்கு, அத ஓன் பண்ணுங்க. மிச்சக் காசுக்கு நல்ல யுபிஎஸ் ஒண்டு வாங்குங்க.

கேபிள்காரன்:
நானா, அந்தக் கெஸ்ட் நெட்வேர்க் பெரும்பாலும் ரவுட்டர்ட சொந்த வைஃபைக்கு மட்டும்தான் வேலை செய்யும். தோட்டத்துப் பக்கம், மேல்மாடி எல்லாம் தனி வைஃபை பெட்டி. அதுகள் சுவிட்ச் வழியாத்தான் வருது. அங்க விருந்தாளிட போனும் பில் கொம்பியூட்டரும் ஒரே நெட்வேர்க்கில நிக்குது. அதப் பிரிக்கத்தான் வீலான், ஒரே சுவிட்ச்ச தனித்தனி நெட்வேர்க்காப் பிரிக்கிற வழி. 802.1கியூ எண்ட அதுக்கான முறையில ஒவ்வொரு ஃப்ரேமிலயும் (தரவுப் பொட்டலம்) 4 பைட் டெக் ஒண்டு ஏறும், அதில வீலான் நம்பர் இருக்கும். 4094 வரைக்கும் போடலாம். கெஸ்ட் ஹவுஸ் அண்ணைக்கு மூண்டு போதும்: விருந்தாளி, கமரா, ஒஃபிஸ்.

இன்னொண்டு. நிலாவெளிப் பக்கம் ஒரு இடத்தில பாத்தது. விருந்தாளி ஒருத்தர் தன்ட சின்ன ரவுட்டரக் கொண்டுவந்து, அறைச் சுவரில இருந்த சொக்கெட்டில லான் போர்ட்டால கொழுவிட்டார். அந்தப் பெட்டியும் ஐபி அட்ரஸ் குடுக்கத் தொடங்கிட்டுது. ஆரார் புதுசா கனெக்ட் ஆனாங்களோ அதில பாதிப் பேருக்கு இன்டர்நெட் இல்ல. லைன் பிழையெண்டு கம்பனிக்குக் கோல் எடுத்துக்கொண்டு இருந்தாங்க. அட்ரஸ் குடுக்கிறது ஆரெண்டு சுவிட்ச் காவல் பாக்கிற டிஎச்சிபி ஸ்னூப்பிங் இருந்தா ரவுட்டர் இருக்கிற போர்ட்ட மட்டும் நம்பச் சொல்லி விடலாம். வேற போர்ட்டால அட்ரஸ் குடுக்க வந்தா சுவிட்சே தூக்கி எறியும்.

கிண்ணியா நானா:
நல்லாக் கதைக்கிறாய். ஆனா மூண்டு வீலான் போட்டா அத விளங்குற ரவுட்டர் எங்க? இன்டர்நெட் கம்பனி தந்த பெட்டியில அந்த ஒப்ஷனத் தேடிக் காட்டு பாப்பம். அப்ப வேற ரவுட்டரும் வாங்கோணும். சுவிட்ச்ட விலைய மட்டும் சொல்லி ஆளக் கூட்டிக்கொண்டு போறாய். கமராவப் பிரிக்கோணுமெண்டா, பின்பக்கம் பிஓஇ போர்ட் (நெட்வேர்க் கேபிளாலயே கரண்டும் குடுக்கிற போர்ட்) உள்ள ரெக்கோடர் ஒண்டு வாங்கினாப் போதும். கமரா எல்லாம் நேரா அதில ஏறும், மெயின் நெட்வேர்க் பக்கமே வராது.

கேபிள்காரன்:
ரெக்கோடர் கதை சரி, அது நல்ல வழிதான். கேபிள் 100 மீட்டருக்குள்ள வந்தா நானே அப்பிடித்தான் போடுவன். ரவுட்டர் இல்லாட்டியும் வழி இருக்கு: போர்ட் ஐசோலேஷன். வைஃபை பெட்டி போர்ட்டையும் அறைச் சொக்கெட் போர்ட்டையும் பில் கொம்பியூட்டர் போர்ட்டையும் ஐசோலேட் பண்ணினா, ஒவ்வொண்டும் ரவுட்டரோட மட்டும் கதைக்கும், தங்களுக்குள்ள கதைக்க ஏலாது. வீலான் அளவுக்கு நேர்த்தி இல்ல, ஆனா உள்ள ரவுட்டரோடயே ஓடும்.

ஓர்ஸ்ஹில் ரீச்சர்:
பள்ளிக்கூட லெப் பாக்கிற ஆளா ஒண்டு சொல்றன். பிள்ளையள் கேபிளின்ட இரண்டு நுனியையும் ஒரே சுவிட்சில கொழுவிட்டா லெப் முழுக்கப் படுத்திரும். ஈதர்நெட் ஃப்ரேமுக்கு ஆயுள் எண்டு ஒண்டு இல்ல, அதால சுத்திச் சுத்தி வந்துகொண்டே இருக்கும். இதுக்காகத்தான் ரேடியா பெர்ல்மன் எண்ட கொம்பியூட்டர் விஞ்ஞானி 1985இல ஸ்பானிங் ட்ரீய, சுத்துற வழியக் கண்டுபிடிச்சு அடைக்கிற முறைய, கொண்டுவந்தா. மெனேஜ்டில அது இருக்கு. பிபிடியு கார்ட் எண்ட காவலும் போட்டா, வேற சுவிட்ச் கொழுவின போர்ட் தானாப் பூட்டிக்கொள்ளும்.

ஆனா நானா சொல்ற பயம் சும்மா இல்ல. எங்களுக்குப் பூட்டித் தந்த ஆக்கள் யூசர் பேரையும் பாஸ்வேர்டையும் அட்மின், அட்மின் எண்டே விட்டுட்டுப் போனவங்க. தூரத்தில இருந்து லொகின் பண்ணுற டெல்நெட்டும் திறந்தபடி. பாஸ்வேர்ட் மாத்தாத மெனேஜ்ட் சுவிட்ச்ச விடச் சாதாரணது எவ்வளவோ மேல், அதுக்குள்ள ஆரும் லொகின் பண்ண ஏலாதே. 2018 ஏப்ரலில சிஸ்கோ சுவிட்ச்சுகளில ஸ்மார்ட் இன்ஸ்டோல் எண்ட வசதி 4786ஆம் போர்ட்டில இன்டர்நெட்டுக்குத் திறந்திருந்ததப் பாவிச்சு, ஈரானிலயும் ரஷ்யாவிலயும் செட்டிங்க அழிச்சு விட்டாங்க. பெரிய டேட்டா சென்டருகளே மாட்டினது.

கிண்ணியா நானா:
கேட்டியா கேபிள்காரா? அடுத்தது, தெரிஞ்ச கருவிய மட்டும் உள்ள விடுற போர்ட் செக்கியூரிட்டி எண்டு வருவாய். மதில்ல இருக்கிற கமராவக் கழட்டிப் பார், மெக் அட்ரஸ், அதான் கருவிட அடையாள நம்பர், அடியில ஸ்டிக்கரிலயே இருக்கு. லெப்டொப்பில அத அடிச்சு மாத்த எவ்வளவு நேரம்?

கேபிள்காரன்:
நேரம் போகாதுதான். அதால மெக் பூட்ட மட்டும் நம்பி இருக்கிறேல்ல. கமரா தனி வீலானில இருந்தா, களவா வந்தவன் பாக்கிறது கமராவையும் ரெக்கோடரையும் மட்டும்தான். பில் கொம்பியூட்டருக்கு அங்கயிருந்து வழி இல்ல. சரியான பூட்டு, லொகின் கேட்டு விடுற 802.1எக்ஸ்தான், ஆனா அதுக்கு லொகினச் சரிபாக்கிற ரேடியஸ் சேவர் வேணும். 12 அறைக்கு அது ஓவர், நானே வேணாமெண்டுவன்.

ஒருத்தரும் சொல்லாத ஒண்டையும் சொல்றன். கடலுக்குக் கிட்ட இருக்கிறியள், உப்புக் காத்து. வெளிச் சொக்கெட்டில ஆர்ஜே45 முனை, அதான் நெட்வேர்க் கேபிள் நுனி, பச்ச பிடிக்கும். மெனேஜ்ட் சுவிட்சில அந்தப் போர்ட்ட திறந்தா சிஆர்சி எரர் (கெட்டுப்போய் வந்த ஃப்ரேம்) எண்ணிக்கை நாளுக்கு நாள் ஏறுறது தெரியும். பிறகு ஒரு நாள் 1000 எம்பிபிஎஸ் வேகத்தில ஓடின போர்ட் 100க்கு இறங்கி நிக்கும். கிகாபிட்டுக்கு நாலு சோடி வயரும் வேணும், 100க்கு இரண்டு சோடி போதும். அப்ப ஒரு சோடி போயிட்டுதெண்டு விளங்கும், ஆள் முறைப்பாடு சொல்ல முதலே முனைய மாத்திக் கிரிம்ப் பண்ணலாம். கமரா தொங்கினா ஏணி வைக்கத் தேவையில்ல, பிஓஇ போர்ட்ட ஓஃப் பண்ணி ஓன் பண்ணினாச் சரி.

கிண்ணியா நானா:
அது வசதி. செக்கியூரிட்டி எண்டு பேர் வச்சு விக்காத. ஆனா ஏணிக் கதை நல்லாயிருக்கு, என்ட முழங்காலுக்கு.

அலஸ்தோட்டம் ஹவுஸ்:
அப்ப கமராவுக்குப் பிஓஇ ரெக்கோடர், மிச்சத்துக்கு 8 போர்ட் பிஓஇ ஸ்மார்ட் சுவிட்ச், அதான் மெனேஜ்டின்ட சுருக்கமான வகை, எண்டு நினைக்கிறன். விலை மெனேஜ்ட விடக் குறைவு. அது காணுமா?

கேபிள்காரன்:
உங்களுக்குக் காணும். வீலான், டிஎச்சிபி ஸ்னூப்பிங், ஸ்பானிங் ட்ரீ மூண்டும் இருக்கோ எண்டு மொடல் நம்பர வச்சுப் பாருங்க, மலிவானதில ஸ்னூப்பிங் பெரும்பாலும் இருக்காது. "8 போர்ட் பிஓஇ" எண்ட எழுத்த நம்பாதீங்க, மொத்த வாட்ஸ் பாருங்க. 802.3ஏஎஃப் எண்ட பிஓஇ தரமெண்டா போர்ட்டுக்கு 15.4 வாட்ஸ். எட்டுக்கும் முழுசா வேணுமெண்டா 123 வாட்ஸ், கனக்கப் பெட்டி அதில பாதிதான் தரும். வைஃபை பெட்டி எத்தினை வாட்ஸ் எடுக்குதெண்டு அடியில இருக்கும், கூட்டிப் பாருங்க.

கிண்ணியா நானா:
வாங்குறதெண்டா வாங்குங்க தம்பி. பாஸ்வேர்ட் உங்கட கொப்பியில இருக்கோணும், கேபிள்காரன்ட போனில இல்ல. செட்டிங் ஃபைலையும் பென் டிரைவில வாங்கிப்போட்டுத்தான் காசு குடுங்க.

கேபிள்காரன்:
ஃபைல் தருவன் நானா. யுபிஎஸ்ஸும் வாங்கச் சொல்லுங்க, அதில உங்களோட எனக்குச் சண்டை இல்ல.