ரோபோ அணியில் வடிவமைப்பு ஆய்வை எந்தக் கட்டத்தில் வைப்பது?

கேள்வி:
எட்டுப் பேர் கொண்ட எங்கள் அணியில் வாரந்தோறும் வடிவமைப்பு ஆய்வுக் கூட்டம் நடக்கிறது. ஆனால் முப்பரிமாண வரைபடம் முழுதாக முடிந்த பிறகே அது கூட்டத்துக்கு வருவதால், குறை சொன்னால் வரைந்தவருக்கு மனம் நோகிறது. சொல்லாமல் விட்டால், பாகத்தைச் செய்து பூட்டிய பிறகு அதே குறை முன்னால் வந்து நிற்கிறது. சென்ற மாதம் கிரிப்பரை, அதாவது பொருளைப் பிடிக்கும் விரல்கள் கொண்ட பாகத்தை, மூன்று முறை மாற்றினோம். மூன்றாவது வடிவம் எதனால் மேலானது என்று எங்களில் ஒருவராலும் சொல்ல முடியவில்லை. இதை எப்படிச் சீர்செய்வது?

மறுமொழி 1:
முதல் ஆய்வுக்கு வரைபடமே வேண்டாம். கையால் போட்ட படமும் அரைப் பக்கக் கணக்கும் போதும். எங்கள் ரோபோவின் அரை மீட்டர் நீளக் கை, நுனியில் 2 கிலோ சுமையைத் தூக்க வேண்டியிருந்தது. கை கிடைமட்டமாக நிற்கும்போது சுமைக்கு மட்டும் 9.8 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை தேவை. கையின் சொந்த எடையான 1 கிலோ அதன் நடுவில் இருப்பதாகக் கொண்டு அதையும் சேர்த்தால் 12.25 ஆகிறது. நாங்கள் தேர்ந்தெடுத்த மோட்டாரோ, கியர் வழியாக, சுழல முடியாமல் திணறி நிற்கும் நிலையில்தான் 20 தரும். சுமையை அசையாமல் பிடித்திருப்பதற்கே அதில் அறுபது சதவீதத்துக்கு மேல் செலவாகி, மோட்டார் சூடேறிவிடும். பத்து நிமிடக் கணக்கு. இரண்டு வாரம் வரைந்து முடித்த பிறகுதான் போட்டோம்.

மறுமொழி 2:
கணக்கு அவசியம்தான், ஆனால் ஸ்குரூடிரைவர் நுழைய இடமில்லாத திருகு கணக்கில் தெரியாது. அதற்கு அட்டையில் வெட்டி ஒட்டிய மாதிரியைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்க்க வேண்டும். கிரிப்பர் விஷயத்தில், ரப்பரின் தடிமனையும் விரல்கள் மூடும் கோணத்தையும் ஒரே சுற்றில் மாற்றியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். ஒரு சுற்றுக்கு ஒரு மாற்றம் மட்டும் செய்து, இருபது முறை பிடிக்கவைத்து, எத்தனை முறை நழுவியது என்று எழுதிவையுங்கள். எத்தனை நழுவல் வரை ஏற்கலாம் என்பதைச் சோதனைக்கு முன்பே முடிவுசெய்துவிட வேண்டும். பிறகு முடிவுசெய்தால் வந்த எண்ணையே நியாயப்படுத்தத் தொடங்கிவிடுவோம்.

மறுமொழி 3:
மனம் நோகாமலிருக்க, தமக்கே சந்தேகமாக உள்ள இரண்டு இடங்களை வரைந்தவரே முதலில் சொல்லட்டும். கூட்டத்தில் எழும் ஒவ்வொரு குறைக்கும் எதிரே பொறுப்பாளரின் பெயரையும் முடிக்கும் தேதியையும் எழுதுங்கள்.

கேட்டவர்:
உண்மைதான், இரண்டையும் ஒன்றாகவே மாற்றியிருந்தோம். இரண்டாவது வடிவத்தின் பாகங்கள் பெட்டியில் அப்படியே இருக்கின்றன. பழைய கோணத்தில் புதிய ரப்பரை மட்டும் பொருத்தி, நாளை இருபது முறை பிடிக்கவைத்துப் பார்க்கிறோம்.