நிணநீர் வீக்கமா, தேக்கமா?

அன்புள்ள குழுவினருக்கு,
மார்பகப் புற்று அறுவையில் அக்குள் நிணநீர்க்கணுக்களை எடுத்த பெண்களுக்காக ஒரு கையேடு. வீங்கும் கையை வீட்டிலேயே எப்படிப் பேணுவது என்று நாலு பக்கம். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. இந்த வீக்கத்தின் ஆங்கிலப் பெயரான 'லிம்ஃபெடீமா'வுக்குத் தமிழில் என்ன போடலாம்? 'யானைக்கால்' வேண்டாம். அது கொசுக்கடியில் புழு ஏறி வருவது. இங்கே நிணநீர் வடியும் வழி அறுந்திருக்கிறது. ஊரும் வேறு மாதிரிப் பார்க்கும்.
– மொழிபெயர்ப்பாளர், மதுரை

பாடநூலில் 'நிணநீர்' இருக்கிறது. 'நிணநீர் வீக்கம்' போதும்.
– அறிவியல் ஆசிரியர், சேலம்

போதாது. சங்கப் பாட்டில் நிணம் என்றால் கொழுப்பு. இலத்தீனில் லிம்ஃபா தெளிந்த நீர். தெளிநீரைக் கொழுப்புநீர் ஆக்கிவிட்டோம். வீக்கமும் நோய்ச்சொல் அன்று. 1233ஆம் குறளில் 'வீங்கிய தோள்' கூடிய நாளின் பூரிப்பு. 'நீர்க்கோவை' என்க.
– ஓய்வுபெற்ற தமிழாசிரியர், தஞ்சை

ஐயா, நீர்க்கோவை மாத்திரை தலைபாரத்துக்குப் போடுவது. நிணமும் பிழையில்லை: குடலிலிருந்து ஏறும் நிணநீர் கொழுப்பைச் சுமந்து பால்போல் வெளுத்திருக்கும்.
– சித்த மருத்துவர், நெல்லை

என்னிடம் வந்த அம்மாவுக்குக் கண்ணாடி வளையல் மணிக்கட்டில் பதிந்து கழற்ற வரவில்லை. 'வீக்கம்'னு சொன்னாங்களே என்று உப்பு மூட்டை கட்டி ஒத்தடம் கொடுத்திருக்கிறார். சூடு பட்டால் ரத்த ஓட்டம் கூடி இன்னும் நீர் சேரும். 'தேக்கம்' என்றால் வடியவிட வேண்டும் என்று தானே புரியும்: கையைத் தலையணைமேல் உயர்த்தி வைப்பது, விரலை மடக்கி நீட்டுவது, கட்டுத்துணியை விரல்கள் பக்கம் இறுக்கமாகத் தொடங்கி மேலே போகப்போகத் தளர்த்திச் சுற்றுவது. அந்தத் துணியும் கடையில் கிடைக்கும் கிரேப் பாண்டேஜ் இல்லை, அவ்வளவாக நீளாதது. அதற்கு 'குறுநீள் கட்டு' என்று எழுதலாமா?
– இயன்முறை மருத்துவர், திருச்சி

'குறுநீள்' ஆகாது. குறுமையும் நீளமும் ஒரே சொல்லில் முட்டுகின்றன.
– தஞ்சை

'நிணநீர்த்தேக்கம்' என்று சேர்த்து எழுதினால் என் மாணவர்கள் மேட்டூர் அணையை நினைப்பார்கள்.
– சேலம்

பிரித்து எழுதுங்கள். கை என்னவோ அணை மாதிரிதான் கனக்கிறது என்கிறார்கள்.
– திருச்சி

அனைவருக்கும் நன்றி. குழு முழுவதும் கேட்டதில் நால்வர் வீக்கம், இருவர் தேக்கம். 'நிணநீர் வீக்கம்' என்றே போடுகிறேன். அடுத்த வரியிலேயே தடித்த எழுத்தில்: 'ஒத்தடம் கூடாது. தினமும் சோப்புப் போட்டுக் கழுவி, விரலிடுக்கை ஈரமில்லாமல் ஒற்றுங்கள். கை சிவந்து காய்ச்சல் கண்டால் அன்றைக்கே மருத்துவரிடம் போங்கள்.' கட்டுக்கு 'அதிகம் நீளாத கட்டுத்துணி'.
– மதுரை

அச்சிடுங்கள். மறுபதிப்பு வரும்போது தேக்கத்தை மறுபடி கேட்பேன்.
– திருச்சி