வாட்டர் ஆப்பிள் பூ எல்லாம் கொட்டுது, அவசரம்

கொல்லைப்புறம்: வீட்ல வாட்டர் ஆப்பிள் மரம். இந்தத் தடவை நல்லா பூத்துச்சு, காலையில பார்த்தா பூரா கீழ கிடக்கு. என்ன மருந்து அடிக்கலாம்? சீக்கிரம் சொல்லுங்க.

செம்மண்: எந்த ஊர்? தொட்டியா தரையா? எத்தனை வருச மரம்? கொட்டுறது பூவா பிஞ்சா?

மீன்அமிலம்77: போரான் சத்து பத்தல. கண்ண மூடிட்டு மீன் அமிலம் (மீனும் வெல்லமும் ஊறவெச்ச கரைசல்) லிட்டருக்கு 5 மில்லி அடிங்க. என் முருங்கை அதுலதான் நின்னுச்சு.

மண்புழுதாத்தா: மருந்து கேக்கறதுக்கு முன்னாடி மரத்தை ஒருதடவை அண்ணாந்து பார்க்கணும் தம்பி. இதே கேள்விக்கு எத்தனை தடவைதான் பதில் போடுறது? தேடிப் படிக்க நோவுதா?

கொல்லைப்புறம்: தரைதான். வெள்ளையா நூல் நூலா கொட்டுது.

செம்மண்: அது பூ இல்லீங்க, மகரந்தத் தாள். நாவல் இனமே அப்படித்தான், விரிஞ்சதும் நூல் உதிர்ந்துரும். அடியில கிண்ணம் மாதிரி இருக்கே, அதுதான் காய். அது காம்புல நிக்குதான்னு பாருங்க. இப்ப மருந்து அடிச்சா தேனீதான் சாகும்.

வளவு: எங்கட பக்கம் இதை ஜம்பு எண்டு சொல்லுறது. பூக்கிற காலத்தில முத்தம் கூட்டிக் கூட்டியே இடுப்பு முறிஞ்சு போகும்.

மண்புழுதாத்தா: ஜம்புன்னா பன்னீர் நாவல். அது வேற மரம்.

சாம்பக்கா: இல்லண்ணே. பன்னீர் நாவல் உருண்டையா வெளிர் மஞ்சளா இருக்கும், ரோஜா வாசம், குலுக்கினா கொட்டை ஆடும். இது மணி மாதிரி, உள்ள பஞ்சு. நாகர்கோவில்ல உப்பு மிளகாப்பொடி தொட்டுத் திம்போம்.

வளவு: எங்களுக்கு ஜம்பு எண்டால் அந்தச் சிவப்பு மணிதான், ஐயா.

மண்புழுதாத்தா: ஊருக்கு ஒரு பேர் வெச்சா தாவரவியல் எதுக்கு?

கொல்லைப்புறம்: கிண்ணம் நிக்குது. ஆனா போன தடவை காய் சிவக்கறப்ப உள்ள வெள்ளைப் புழு இருந்துச்சு. சொல்ல மறந்துட்டேன்.

செம்மண்: அதையில்ல முதல்ல சொல்லணும்! பழ ஈ. தோல்ல ஊசி குத்தினாப்புல புள்ளி இருக்கும், அங்கதான் முட்டை. உள்ள போன புழுவுக்கு மருந்து எட்டாது. பிஞ்சு கோலிக்குண்டு அளவுல இருக்கறப்பவே கொத்தோட துணிப்பை கட்டிருங்க. விழுந்த காயை எருக்குழியில போட்டா புழு மண்ணுக்குள்ள கூடு கட்டி ஈயா வரும். பிளாஸ்டிக் பையில இறுக்கிக் கட்டி வெயில்ல போடுங்க. வாசனை காட்டி ஈயை இழுக்கற மெத்தில் யூஜினால் பொறியும் வைக்கலாம். ஆனா அதுல ஆண் ஈ மட்டும்தான் விழும், பையை விட்டுறாதீங்க.

மீன்அமிலம்77: துளசியைக் கசக்கிப் பாட்டில்ல போட்டாலும் ஈ வரும்.

செம்மண்: இதை ஒத்துக்கறேன். துளசியிலயும் அந்தச் சரக்கு இருக்கு.

கொல்லைப்புறம்: (ரெண்டு மாசம் கழிச்சு) அப்பாவோட பழைய வேட்டியைக் கிழிச்சுக் கட்டினோம். கட்டின கொத்துல புழு இல்ல. உச்சிக் கொப்பு எட்டல, அது அணிலுக்கு. நன்றி.

மண்புழுதாத்தா: அந்தப் பன்னீர் நாவல் விசயத்துக்கு இன்னும் யாரும் பதில் சொல்லல.