இங்கிலீஷ் 'தி'யோட மல்லுக்கட்டின அனுபவம் இருக்கா? இங்க எழுதுங்க

நானே ஆரம்பிக்கிறேன். மத்தவங்க எழுதின ரிப்போர்ட்டைத் திருத்திக் கொடுக்குறதுதான் என் வேலை, அதுல நான் அதிகமா கை வைக்கிற வார்த்தை 'தி'. சமீபத்துல டீம்ல ஒருத்தர் கிளையன்ட்டுக்கு "ப்ளீஸ் செண்ட் தி ஃபைல்"னு ஒத்தை வரி மெயில் போட்டார், அதுக்கு முன்னாடி எந்த ஃபைல் பத்தியும் பேச்சே இல்ல, உடனே அங்கிருந்து "விச் ஃபைல்?"னு பதில் வந்துடுச்சு. கிராமர்படி அந்த வரியில ஒரு குறையும் கிடையாது. ஆனா 'தி' போட்டாலே "எதைச் சொல்றேன்னு உங்களுக்கே தெரியும்"னு எதிர்ல இருக்கறவர்கிட்ட சொல்றோம், அவருக்குத் தெரியலைன்னா அங்கேயே முட்டிக்கும்.

ஸ்கூல்ல முதல் தடவை 'எ', அடுத்த தடவை 'தி'ன்னு ஒரே ரூல்ல முடிச்சிடுறாங்க. பாதிதான் அது. "ஐ பாட் எ கார், பட் தி ஸ்டியரிங் இஸ் டைட்"னு எழுதுறப்போ ஸ்டியரிங் அப்பதான் முதல் தடவையா வருது, ஆனாலும் 'தி'தான், ஏன்னா கார்னு சொன்னப்பவே ஸ்டியரிங்கும் கூட வந்தாச்சு.

தமிழ்ல இதுக்குன்னு தனி வார்த்தை இல்லாட்டியும் வேலை நடந்துக்கிட்டுதான் இருக்கு. "புத்தகம் வாங்கினேன்"னா ஏதோ ஒண்ணு, "புத்தகத்தை வாங்கிட்டேன்"னா ஏற்கனவே பேசி வச்ச புத்தகம். ஜூனியர்ஸ்கிட்ட நான் இந்த 'ஐ' உருபை வச்சுதான் ஆரம்பிக்கிறேன், ஆளுங்களைச் சொல்றப்போ 'ஐ' எப்படியும் வந்துடும்ங்கிறதால எல்லா இடத்துக்கும் ஒத்துவராது, இருந்தாலும் சட்டுனு பிடிச்சுக்கிறாங்க.

*

அருமையா சொன்னீங்க. எனக்கு இது வேற பக்கத்துல இருந்து வந்துச்சு, எம்.ஏ.ல பழைய இங்கிலீஷ், அதாவது ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடி இருந்த இங்கிலீஷ், ஒரு பேப்பர். முதல் வாரமே போர்டு முழுக்க ஒரு டேபிள், எல்லாமே இன்னைக்கு இருக்கிற 'தி'யோட மூதாதைங்க. ஆண்பாலுக்கு 'சே', பெண்பாலுக்கு 'சேயோ', ரெண்டுலயும் சேராததுக்கு 'தத்', அப்புறம் வேற்றுமைக்கு வேற்றுமை உருவம் வேற மாறும். சூரியன் பெண்பால், அதனால 'சேயோ சுன்னெ', நிலா ஆண்பால், 'சே மோனா'. அன்னைக்கு அதுக்கெல்லாம் நம்ம 'அந்த' மாதிரி சுட்டுற வேலைதான் முக்கியம். மேல சொன்ன "உங்களுக்கே தெரியும்" அங்கிருந்து வந்ததுதான்.

அப்புறம் பால், வேற்றுமை எல்லாம் கொஞ்சம் கொஞ்சமா உதிர்ந்துடுச்சு. டேபிள்ல மீதி எல்லா உருவமும் 'த'ல ஆரம்பிக்கிறதால 'சே'யும் 'சேயோ'வும் அதுங்களோட சேர்ந்து 'தெ' ஆயிடுச்சு, 1154ல முடியற பீட்டர்பரோ குரோனிக்கிள்ங்கிற வருஷவாரி வரலாற்றுக் குறிப்போட கடைசிப் பகுதியைப் பார்த்தா பெரும்பாலும் அந்த ஒரே உருவம்தான் இருக்கு. 'தத்' மட்டும் தனியா பிரிஞ்சு போய் 'தட்' ஆச்சு, சுட்டுற வேலையை அது எடுத்துக்கிச்சு. எனக்கு அந்த செமஸ்டர்ல ரொம்பப் பிடிச்ச பாடம் இதுதான், இத்தனை பெரிய டேபிள் சுருங்கி ஒத்தை அசையா நிக்குதுன்னு நினைச்சா இப்பவும் பிரமிப்பா இருக்கு.

*

நண்பர் சொன்ன அந்த டேபிள்ல இருந்து இன்னொரு துண்டும் பிழைச்சிருக்கு. "தி மோர், தி பெட்டர்"னு சொல்றோமே, அதுக்கு அப்புறம் பெயர்ச்சொல்லே இல்லையே, அப்ப அங்க 'தி' எதுக்குன்னு ஸ்டூடண்ட்ஸ் என்கிட்ட அடிக்கடி கேப்பாங்க. நம்ம 'ஆல்' உருபு மாதிரி ஒரு வேற்றுமை பழைய இங்கிலீஷ்ல இருந்துச்சு, இது அந்த உருவத்துல இருந்து வந்தது, "எவ்வளவுக்கு அதிகமோ அவ்வளவுக்கு நல்லது"ங்கிறதுல வர்ற அளவைக் காட்டுது. இதைச் சொன்னா கிளாஸ்ல கேள்வி நிக்காது, அடுத்து ஹாஸ்பிட்டலுக்குப் போயிடுவாங்க. நோயாளியா படுத்திருந்தா பிரிட்டிஷ்காரங்க "இன் ஹாஸ்பிட்டல்"னு 'தி' இல்லாம சொல்வாங்க, அமெரிக்கர்கள் "இன் தி ஹாஸ்பிட்டல்"னு சொல்வாங்க. ரெண்டுமே சரி, எந்த நாட்டுக்காரங்களுக்கு எழுதுறீங்களோ அவங்க வழக்கத்தைப் பிடிச்சுக்கங்கன்னுதான் நான் சொல்றது.