வலிப்பு இருப்பதைப் புது ஆபீஸில் சொல்லலாமா? படித்தவர்களே ஏன் விலகிப் போகிறார்கள்?

சாம்பல்குருவி:

வணக்கம். எனக்கு வயது 29. பதினான்கு வயதில் வலிப்பு நோய் என்று கண்டுபிடித்தார்கள், அன்றிலிருந்து மாத்திரை. நடுவில் நான்கு வருடம் ஒன்றுமே வரவில்லை. போன வருடம் ஒரு வாரம் சரியான தூக்கம் இல்லாமல் வேலை பார்த்தேன், அதன் முடிவில் ஆபீஸிலேயே விழுந்துவிட்டேன். விழுந்தது எனக்குத் தெரியாது. கண் விழித்தபோது வாயெல்லாம் ரத்தம், முன்பல் ஒன்று பாதி இல்லை. நாக்கைக் கடித்துக்கொள்வேன் என்று பயந்து யாரோ ஸ்பூனை வாய்க்குள் நுழைத்திருக்கிறார்கள். இரண்டு பேர் கையையும் காலையும் அழுத்திப் பிடித்ததில் தோள்பட்டை இரண்டு வாரம் வலித்தது.

அவர்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை, பதறிப்போய்ச் செய்தார்கள். அதற்குப் பிறகு நடந்ததைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. யாரும் ஒரு கடுஞ்சொல் சொல்லவில்லை. "உங்களுக்கு டென்ஷன் வேண்டாமே" என்று சொல்லிச் சொல்லியே பொறுப்பான வேலைகள் ஒவ்வொன்றாக வேறு ஆளுக்குப் போயின. லிஃப்டில் என்னோடு தனியாக வரத் தயங்கினார்கள். நன்றாகப் படித்த ஒருவர், "இது மனசு சம்பந்தப்பட்டதுதானே, நல்ல மனநல டாக்டராகப் பார்த்தீர்களா?" என்று அக்கறையோடுதான் கேட்டார். நான் நியூராலஜிஸ்டிடம் பதினைந்து வருடமாகப் போய்வருகிறேன் என்று சொன்னதும் அவர் முகம் இன்னும் மாறியது. ஆறு மாதம் பார்த்துவிட்டு வேலையை விட்டுவிட்டேன்.

இப்போது வேறு இடத்தில் சேர்ந்து மூன்று வாரம் ஆகிறது. சொன்னால் பழைய கதை திரும்பும். சொல்லாமல் இருந்து மறுபடி விழுந்தால் மறுபடி ஸ்பூன். என்ன செய்யலாம்? மக்களுக்கு இதைப் பற்றி இவ்வளவு குறைவாகத் தெரிந்திருப்பது ஏன் என்றும் யாராவது சொல்லுங்கள்.

வெள்ளைச்சீருடை:

சகோதரி, நரம்பியல் வார்டில் பல வருடமாக நர்ஸாக இருக்கிறேன். உடைந்த பல்லோடும் நசுங்கிய விரலோடும் வருகிறவர்களைப் பார்த்துக்கொண்டேதான் இருக்கிறேன். விரல், உதவப் போனவருடையது. வலிப்பின்போது தாடை இறுகும் வேகத்துக்கு எந்த ஸ்பூனும் எந்த விரலும் தாங்காது. நாக்கை யாராலும் விழுங்க முடியாது, அது உடம்போடு ஒட்டியிருக்கிறது. ஓரத்தில் கொஞ்சம் கடிபடலாம், அது ஆறிவிடும். உடைந்த பல் மூச்சுக்குழாய்க்குள் போனால்தான் ஆபத்து.

இதைப் படிக்கிற எல்லோருக்கும் சேர்த்துச் சொல்கிறேன். ஒருவர் விழுந்து வெட்டி இழுக்கத் தொடங்கினால் முதலில் கடிகாரத்தைப் பாருங்கள், எத்தனை மணிக்குத் தொடங்கியது என்று. சுற்றி இருக்கும் நாற்காலி, கூர்மையான பொருள் எல்லாவற்றையும் நகர்த்துங்கள், தலைக்குக் கீழே மடித்த துணியோ பையோ வையுங்கள், கண்ணாடி போட்டிருந்தால் கழற்றுங்கள், கழுத்துப் பட்டனைத் தளர்த்துங்கள். கைகால்களைப் பிடிக்காதீர்கள், அது நிற்கும்போது தானாகத்தான் நிற்கும். இழுப்பு நின்றதும் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், எச்சில் வெளியே வழியட்டும். முழு நினைவு வரும்வரை தண்ணீர்கூடக் கொடுக்க வேண்டாம். ஐந்து நிமிடம் தாண்டினாலோ, நினைவு திரும்புவதற்குள் அடுத்தது தொடங்கினாலோ, அடிபட்டிருந்தாலோ, கர்ப்பிணியாக இருந்தாலோ, வாழ்க்கையில் முதல்முறையாக வந்திருந்தாலோ உடனே ஆம்புலன்ஸ். நின்ற பிறகும் கொஞ்ச நேரம் ஆள் குழம்பிப்போய் இருப்பார், எங்கே இருக்கிறோம் என்றே தெரியாது. அப்போது பத்துப் பேர் சூழ்ந்து நின்று பார்ப்பதுதான் அவர்களுக்குப் பெரிய வேதனை. ஒருவர் மட்டும் பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகப் பேசினால் போதும்.

அந்த மனநல டாக்டர் கேள்வி எங்களிடமும் தினமும் வருகிறது. மூளையின் நரம்பணுக்கள் ஒன்றோடொன்று மின்சமிக்ஞையில்தான் பேசிக்கொள்கின்றன. ஒரு கூட்டம் அணுக்கள் திடீரென்று ஒரே நேரத்தில் அளவுக்கு மீறிச் சமிக்ஞை விட்டால் அதுதான் வலிப்பு. ஒருமுறை வந்துவிட்டதாலேயே வலிப்பு நோய் ஆகிவிடாது. கடும் காய்ச்சலில் குழந்தைக்கு வரும், சர்க்கரை மிகவும் இறங்கினால் வரும். அப்படி உடனடிக் காரணம் எதுவும் இல்லாமல், 24 மணி நேரத்துக்கு மேல் இடைவெளியில் இரண்டு முறையாவது வந்திருக்கிறதா, ஒருமுறைதான் என்றாலும் திரும்ப வரும் வாய்ப்பு அதிகமா என்றெல்லாம் பார்த்துத்தான் டாக்டர்கள் முடிவு செய்கிறார்கள். தொற்று நோய் இல்லை, எச்சில் பட்டால் ஒட்டாது. உலகத்தில் சுமார் 5 கோடிப் பேருக்கு இருக்கிறது, சரியாகக் கண்டுபிடித்து மருந்து கொடுத்தால் அவர்களில் 70 சதவீதம் பேர்வரை வலிப்பே இல்லாமல் இருக்க முடியும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது.

காற்றாடி_88:

எங்கள் மாமாவுக்கு வரும்போது சாவிக்கொத்தைக் கையில் கொடுத்து இறுக்கிப் பிடிக்க வைப்போம், உடனே நின்றுவிடும். என் கண்ணால் பார்த்திருக்கிறேன். இதையும் உங்கள் ஆபீஸில் சொல்லி வையுங்கள்.

வெள்ளைச்சீருடை:

தம்பி, நீங்கள் பார்த்தது உண்மைதான், நின்றிருக்கும். பெரும்பாலான வலிப்பு ஒன்றிலிருந்து மூன்று நிமிடத்துக்குள் தானாகவே நின்றுவிடும். வீட்டில் ஓடிப்போய்ச் சாவியைத் தேடி எடுத்து, இறுகிய விரலைப் பிரித்து உள்ளே வைப்பதற்குள் அந்த நேரம் ஆகிவிடுகிறது. அது நிற்கப்போகும் நேரத்தில் சாவி வந்து சேர்கிறது, பேர் சாவிக்குப் போகிறது. தலைமுறை தலைமுறையாக இந்த நம்பிக்கை நிற்பதற்குக் காரணம் ஒவ்வொரு முறையும் அது பலித்தது போலவே தெரிவதுதான். மாமாவுக்கு அடுத்த முறை வந்தால் சாவியை விட்டுவிட்டுத் தலைக்குத் துணி வையுங்கள், நேரத்தைப் பாருங்கள். அப்போதும் நிற்கும்.

காற்றாடி_88:

சரி அக்கா. இப்படி யாரும் எனக்குச் சொன்னதில்லை.

கணக்கெடுப்பு:

நான் சுகாதாரக் கருத்தாய்வு வேலையில் இருப்பவன், ஏன் என்ற உங்கள் கேள்விக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். வலிப்பு பற்றி மக்களிடம் கேட்கும்போது வழக்கமாக வரும் கேள்விகள் சில உண்டு. கேள்விப்பட்டிருக்கிறீர்களா, இது ஒரு வகைப் பைத்தியமா, உங்கள் பிள்ளையை அப்படி ஒரு பிள்ளையோடு விளையாட விடுவீர்களா, வேலை கொடுக்கலாமா, உங்கள் வீட்டில் அவரைக் கல்யாணம் செய்துகொள்ள விடுவீர்களா. அமெரிக்காவில் 1949 முதல் 1979 வரை ஐந்து வருடத்துக்கு ஒருமுறை இதைப் போன்ற கேள்விகளை வைத்துக் கருத்துக் கணிப்பு நடத்தினார்கள், அந்த முப்பது வருடத்தில் பதில்கள் நன்றாகவே மாறின. ஆனால் நான் களத்தில் பார்த்தவரை முதல் கேள்விகளுக்குச் சரியாகப் பதில் சொன்னவரே கல்யாணக் கேள்வி வந்ததும் பேனாவை உருட்ட ஆரம்பிப்பார். தொற்றாது என்று தெரியும், மூளை சம்பந்தப்பட்டது என்று தெரியும், ஆனாலும் வேண்டாம். அறிவு ஒரு பக்கம் ஏறுகிறது, மனம் வேறு பக்கம் நிற்கிறது. உங்கள் பழைய ஆபீஸில் நடந்ததும் அதுதான் என்று நினைக்கிறேன். அவர்கள் ஒரு புத்தகம் படித்திருந்தாலும் லிஃப்டில் தயங்கியிருப்பார்கள்.

பயம் புதிதில்லை. இது தெய்வக் குற்றம் இல்லை, மூளையிலிருந்து வருவது என்று ஹிப்போகிரேட்டஸ் பெயரில் வழங்கும் கிரேக்க நூல் ஒன்று கி.மு. 400 வாக்கிலேயே எழுதி வைத்தது. ஆனாலும் பிரிட்டனில் வலிப்பு உள்ளவர் கல்யாணம் செய்யத் தடையாக இருந்த சட்டம் 1970 வரை இருந்தது. இந்தியாவில் இந்துத் திருமணச் சட்டத்திலிருந்து வலிப்பு என்ற சொல்லை எடுத்தது 1999-ல்தான். சட்டமே நேற்றுவரை அப்படி இருந்தால் வீட்டுப் பேச்சு எப்படி இருக்கும்?

பேரும் ஒரு காரணம். நம் மொழியில் கால் கை வலிப்பு என்பது வாய்க்கு வாய் மாறிக் காக்காய் வலிப்பு ஆகிவிட்டது என்பார்கள், அதோடு ஒரு கேலியும் வந்து ஒட்டிக்கொண்டது. கொரியாவில் பழைய பெயரில் பைத்தியம் என்ற சாயல் இருந்ததால் மருத்துவர்களும் நோயாளிகளும் சேர்ந்து பெயரையே மாற்றினார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1986-ல் ஸ்காம்ப்ளர், ஹாப்கின்ஸ் என்ற இருவர் வலிப்பு உள்ளவர்களிடம் பேசி ஒன்றைக் கவனித்தார்கள். உண்மையில் ஒதுக்கப்பட்டதைவிட, ஒதுக்கிவிடுவார்களோ என்ற பயமும் கூச்சமும்தான் பலருடைய வாழ்க்கையை அதிகம் சுருக்கியிருந்தது. அந்தப் பயத்தில் மறைக்கிறார்கள், மறைப்பதால் வெளியில் யாருக்கும் தெரிவதில்லை. தெரியாததால் ஒருவர் கீழே விழும் அந்த இரண்டு நிமிடம் மட்டுமே ஊர் கண்ணில் வலிப்பு என்று பதிகிறது. மீதி நாளெல்லாம் அவர் வேலைக்குப் போய் வருவதை யாரும் வலிப்பு உள்ளவரின் வாழ்க்கை என்று பார்ப்பதே இல்லை. இதற்காக நீங்கள் ஆபீஸில் சொல்லியே ஆக வேண்டும் என்று நான் கேட்கவில்லை, உங்களுக்கு நடந்தது பயம் இல்லை, நிஜம்.

குட்டிமாஅம்மா:

எல்லா வலிப்பும் விழுந்து இழுப்பது இல்லை என்பதையும் யாராவது எழுதுங்கள் என்று பார்த்தேன், நானே எழுதுகிறேன். என் மகளுக்கு ஏழு வயதில் தொடங்கியது. பேசிக்கொண்டே இருப்பாள், பத்து விநாடி அப்படியே வெறித்துப் பார்ப்பாள், இமை லேசாகத் துடிக்கும், அப்புறம் விட்ட இடத்திலிருந்து பேசுவாள். ஒரு நாளில் எத்தனையோ முறை. கவனமே இல்லை, கனவு காண்கிறாள் என்று டீச்சர் திட்டினார், நானும் திட்டினேன். ஒரு வருடம் திட்டினோம். மூளையின் மின் அலைகளைக் கோடுகளாகப் பதியும் ஈஈஜி எடுத்தபோது அந்தக் கோடுகளைக் காட்டி டாக்டர் விளக்கினார், நான் அந்த அறையிலேயே அழுதேன். இப்போது மாத்திரையில் நன்றாக இருக்கிறாள். அவள் வகுப்பில் நானே போய்ச் சொன்னேன். பெரியவர்கள் கேட்காத கேள்வியெல்லாம் குழந்தைகள் கேட்டார்கள், "அப்போ அவளுக்கு வலிக்குமா?" என்று. வலிக்காது என்றதும் விளையாடப் போய்விட்டார்கள்.

முப்பத்திரண்டுவருடம்:

எனக்கு வயது 51, பத்தொன்பது வயதிலிருந்து இருக்கிறது. நான்கு இடத்தில் வேலை பார்த்திருக்கிறேன். முதல் இடத்தில் மறைத்தேன். மாத்திரையைப் பாத்ரூமில் போய்ப் போட்டுக்கொள்வேன், யாராவது வந்தால் நாளைக்கு என்று விட்டுவிடுவேன். விட்ட நாள்தான் விழுந்தேன். மறைப்பதற்குக் கொடுக்கும் விலை அது, அம்மா. தூக்கம் கெட்டாலும் மாத்திரை தவறினாலும் வரும் என்பது உங்களுக்குத் தெரியும்.

பிறகு ஒரு வழி கண்டுபிடித்தேன். எல்லோருக்கும் சொல்வதில்லை. பக்கத்து இருக்கையில் இருப்பவர் ஒருவர், மேலதிகாரி ஒருவர், அவ்வளவுதான். நோயைப் பற்றி விளக்கவே மாட்டேன், "எனக்கு எப்போதாவது இப்படி வரும், இரண்டு நிமிடத்தில் நிற்கும், வாயில் எதையும் வைக்காதீர்கள், ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், ஐந்து நிமிடம் தாண்டினால் ஆம்புலன்ஸ்" என்று முடித்துவிடுவேன். நாம் பயந்துகொண்டே சொன்னால் அவர்களும் பயப்படுகிறார்கள், செய்ய வேண்டியதைச் சொன்னால் கையில் ஒரு வேலை கிடைத்த மாதிரி நிதானமாகிவிடுகிறார்கள். வண்டி ஓட்டுவது, உயரத்தில் நிற்பது, பெரிய இயந்திரம், இதெல்லாம் உங்கள் வேலையில் இருந்தால் விஷயம் வேறு, அங்கே சொல்லித்தான் ஆக வேண்டும், டாக்டரிடமும் கேளுங்கள். கம்ப்யூட்டர் முன்னால் உட்காரும் வேலை என்றால் யாருக்கு எப்போது சொல்வது என்பது உங்கள் முடிவு. மூன்று வாரம்தானே ஆகிறது, உங்கள் வேலையை அவர்கள் முதலில் பார்க்கட்டும்.

சாம்பல்குருவி:

எல்லோருக்கும் நன்றி. இரண்டு நாளாகத் திரும்பத் திரும்பப் படித்தேன். முப்பத்திரண்டுவருடம் ஐயா, நீங்கள் எழுதிய அந்த நான்கு வரியைக் கொஞ்சம் மாற்றி போனில் எழுதி வைத்துக்கொண்டேன்.

என் பக்கத்து இருக்கையில் ஒரு பெண் இருக்கிறாள், இன்று மாலை அவளிடம் மட்டும் சொன்னேன். அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. நான் பழைய ஆபீஸையே நினைத்துக்கொண்டு நின்றேன். அப்புறம், "என் தம்பிக்கு இருக்கிறது, வீட்டைத் தவிர யாருக்கும் தெரியாது" என்றாள். அவனுக்கு 17 வயதாம், வேலைக்கெல்லாம் போக முடியுமா என்று வீட்டில் கேட்டுக்கொண்டே இருக்கிறானாம். சனிக்கிழமை அவனோடு போனில் பேசுவதாகச் சொல்லியிருக்கிறேன்.

மேனேஜரிடம் இன்னும் சொல்லவில்லை. இந்த மாதம் முடியட்டும்.