குடத்து மூடியைத் திறந்து பார்த்தால்

அடுத்தவர் வீட்டுத் தண்ணீரைத் திறந்து பார்ப்பதுதான் என் வேலை. டெங்கு கொசுப்புழு இருக்கிறதா என்று வீடு வீடாக டார்ச் அடித்துப் பார்க்கும் டி.பி.சி. பணியாளர்களில் நானும் ஒருத்தி. ஊர் திருநெல்வேலிப் பக்கம். எந்தத் தெருவுக்குப் போனாலும் ஒரு பேச்சு காதில் விழும்: "எங்க வீட்டுல ஃபிரிட்ஜ் தண்ணியே கிடையாதும்மா, எல்லாம் சாதா தண்ணிதான்." நல்ல பழக்கம்தான், நானும் அதைத்தான் குடிக்கிறேன். ஆனால் அந்தச் சாதா தண்ணீரை எதில் வைக்கிறோம், எத்தனை நாள் வைக்கிறோம், எப்படி மூடுகிறோம் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது.

டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு சாக்கடையைத் தேடிப் போவதில்லை. நாம் பிடித்து வைத்த தெளிந்த தண்ணீர்தான் அதற்கு வேண்டும். கொதிக்கிற தண்ணீரில் புழு பிழைக்காது, ஃபிரிட்ஜுக்குள் வளராது. நம் வீட்டுக்குள் இருக்கிற வெதுவெதுப்புதான் அதற்குத் தோது. முட்டை பொரிந்து, புழுவாகி, கொசுவாகப் பறக்க ஒரு வாரம் பத்து நாள் போதும். குழாயில் வாரத்துக்கு ஒருமுறை தண்ணீர் வருகிற தெருவில் ஜனங்கள் டிரம்மில் பிடித்து வைக்காமல் என்ன செய்வார்கள்? அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது.

ஒரு வீட்டில் அக்கா ஒருவர் பின்கட்டில் இருந்த நீல டிரம்மைக் காட்டி, "நேத்துதான் எல்லாத்தையும் கொட்டிட்டுப் புதுசாப் பிடிச்சேன்" என்றார். பொய்யில்லை, தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்தது. டிரம்மின் உள்சுவரில், பழைய தண்ணீர் நின்ற மட்டத்துக்குச் சற்று மேலே, கரிப்பொட்டு மாதிரி வரிசையாகச் சின்னச் சின்னப் புள்ளிகள். விரலால் தேய்த்தால் வராது, அப்படி ஒட்டிக்கொண்டிருக்கும். அதுதான் முட்டை. தண்ணீர் இல்லாமல் மாதக்கணக்கில் காய்ந்து கிடந்தாலும் சாகாது, மறுபடி தண்ணீர் ஏறி நனைத்ததும் பொரியும். அதனால் கொட்டுவது மட்டும் போதாது. தேங்காய் நாரில் பிளீச்சிங் பவுடரைத் தொட்டு உள்சுவரை அழுத்தித் தேய்த்துக் கழுவ வேண்டும், வாரம் ஒருமுறை. அக்காவும் நானும் டிரம்மைச் சாய்த்துவைத்துத் தேய்த்தோம். அடுத்த முறை போனபோது டிரம் வாயில் பழைய வேட்டித் துணியை இழுத்துக் கட்டியிருந்தார். துணி தண்ணீரில் தொய்யாமல் விறைப்பாக இருந்தது.

ஃபிரிட்ஜ் தண்ணீரே ஆகாது என்ற இன்னொரு வீட்டில் பானை, குடம் எல்லாம் சுத்தம். ஃபிரிட்ஜை மட்டும் கொஞ்சம் முன்னால் இழுக்கச் சொன்னேன். பின்னால் அடியில் ஒரு தட்டு உண்டு, உருகும் தண்ணீர் அதில் வந்து சேரும். டார்ச் அடித்ததும் ஒன்றும் தெரியவில்லை. நிழல் பட்டால் புழு சட்டென்று அடிக்குப் போய்விடும், அதனால் அசையாமல் இருந்து பார்க்க வேண்டும். கொஞ்ச நேரத்தில் மூச்சு வாங்க ஒவ்வொன்றாக நெளிந்து மேலே வந்து, தலைகீழாகத் தொங்கின. அந்த வீட்டுப் பெரியவர் குனிந்து பார்த்துவிட்டு வெகுநேரம் பேசவில்லை. அவருடைய பேத்தி அப்போதுதான் காய்ச்சலில் கிடந்து எழுந்திருந்தாள். மணி பிளான்ட் பாட்டில், ஏசி தண்ணீர் சொட்டும் வாளி, மாடியில் கிடக்கும் டயர், இவையும் இதே கணக்குத்தான்.

மண்பானை வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பானையில் கசியும் நீர் ஆவியாவதால்தான் உள்ளே இருப்பது குளிர்கிறது, அந்தக் கசிவு இருக்கத்தான் வேண்டும். ஆனால் கசிவது தரையை நனைக்கிறதே என்று அடியில் தட்டு வைத்துவிடுகிறார்கள். தட்டுக்குப் பதில் மணல் பரப்பி, அதன்மேல் பானையை வையுங்கள். பெயின்ட் அடித்த பானை வாங்காதீர்கள். துளை அடைந்துபோனால் அது குளிராது.

நான் பார்த்ததிலேயே எனக்குப் பிடித்தது ஒரு ஆச்சியின் வீடு. செம்புக் குடம் ஒன்று, மேலே கச்சிதமாகப் பொருந்தும் தட்டு, ஆணியில் தொங்கும் நீளக் காம்புக் கரண்டி. நான் மூடியில் கை வைத்ததும், "ஏட்டி, கையக் கழுவிட்டுத் தொடு. குடிக்க தண்ணி அது" என்றார். தினமும் காலையில் மிச்சத்தைச் செடிக்கு ஊற்றிவிட்டு, புளி போட்டுத் தேய்த்து, புதிதாகப் பிடித்து வைப்பாராம். அறை வெப்பத்தில் 16 மணி நேரம் செம்புப் பானையில் வைத்த தண்ணீரில் வயிற்றுப்போக்குக் கிருமிகள் செத்துப்போனதாக 2012-ல் ஒரு ஆய்வு வந்தது. ஆச்சி ஆய்வு எதுவும் படித்தவர் இல்லை. அவர் வீட்டில் புழு இல்லாததற்குக் காரணம் தினமும் குடம் காலியாவதுதான் என்பேன். தண்ணீர் சுத்தமாக இருப்பதில் அந்தக் கரண்டிக்கும் பங்கு உண்டு. காய்ச்சி ஆறவைத்த தண்ணீரில்கூட டம்ளரை விட்டு, விரல் நனைய மொண்டு குடிப்பதைத் தினமும் பார்க்கிறேன். காய்ச்சியதன் பலன் அங்கேயே போய்விடுகிறது.

அதே 2012-ல்தான் கடையநல்லூரையும் எங்கள் பக்கத்து ஊர்களையும் டெங்கு புரட்டிப் போட்டது. அந்த வருஷம் தமிழ்நாட்டில் 12,000 பேருக்கு மேல் பாதிக்கப்பட்டார்கள். அதைப் பார்த்தவர்கள் இன்றும் நாங்கள் போனால் கேட்காமலே டிரம்மைத் திறந்து காட்டுவார்கள். மற்றவர்கள், "தண்ணியில மருந்த ஊத்திராதம்மா" என்று வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள். புழுவைக் கொல்லும் அபேட் மருந்தைப் புழங்குகிற தண்ணீர்த் தொட்டியில்தான் ஊற்றுகிறோம், குடிக்கிற குடத்தில் இல்லை. இதைப் பொறுமையாகச் சொன்னால் பெரும்பாலும் உள்ளே விட்டுவிடுகிறார்கள்.

எனக்கு இன்னும் வழி தெரியாதது தரையோடு கட்டிய பழைய சிமென்ட் தொட்டிகள்தான். சாய்க்க முடியாது, மூடியும் கிடையாது. கடைசித் தண்ணீரை மொண்டு எடுப்பதற்குள் இடுப்பு ஒடிந்துவிடும். உங்கள் வீட்டில் அப்படி ஒன்று இருந்தால், எதைப் போட்டு மூடுகிறீர்கள், எப்படிக் காலி செய்கிறீர்கள் என்று எழுதுங்கள். நாளைக்கே போய் நான்கு வீட்டில் சொல்வேன்.