மந்திரப் பள்ளிக்கு ‘எண் மந்திரம்’ பாடநூல்: சதுரம் ஏன் உடைகிறது?

கட்டம்போடுபவன்:
கற்பனை மந்திரப் பள்ளியின் மூன்றாம் ஆண்டுப் பாடநூல் இது. பலகை விளையாட்டோடு கொடுப்பதற்கு. விளையாடுவோருக்கு 12, 13 வயது. பெயரை எண்ணாக்கி, அந்த எண்ணை ஏற்றிய மாயச் சதுரம் (நிரை, நிரல், மூலைவிட்டம் எதைக் கூட்டினாலும் ஒரே தொகை வரும் கட்டம்) வரைந்தால் காப்பு பலிக்கும் என்பது விதி. இரண்டு இடத்தில் மாட்டுகிறது. ஆங்கில எழுத்துக்கு 1 முதல் 9 வரை எண் தரும் அட்டவணையைத் தமிழுக்கு எப்படிக் கொண்டுவருவது? அடுத்து, கீழே உள்ள சதுரத்தில் 13, 14, 15, 16 ஆகிய நான்கோடும் பெயர் எண்ணைக் கூட்டினேன். முதல் நிரையில் அது இரண்டு முறை ஏறிவிடுகிறது, இரண்டாம் நிரை அசையவே இல்லை.

16 2 3 13
5 11 10 8
9 7 6 12
4 14 15 1

சதுரங்கன்:
சதுரத்தில் பிழை இல்லை, ஆனால் இந்த வேலைக்கு அது ஆகாது. 1–16ஐ வரிசையாக எழுதி, மூலைவிட்ட எண்களை மட்டும் 17இலிருந்து கழித்தால் கிடைப்பது இது. (நடு இரண்டு நிரல்களை இடம் மாற்றுங்கள், ஜெர்மானிய ஓவியர் டியூரர் தன் செதுக்கோவியத்தில் வைத்த சதுரம் வரும். கடைசி நிரையின் நடுவில் 15, 14: அந்த ஓவியத்தின் ஆண்டு 1514.) இதில் 13, 16 இரண்டும் ஒரே நிரையில், 14, 15 இன்னொன்றில். கூட்டும் எண் எல்லா நிரைக்கும் சமமாகப் போக வேண்டுமென்றால், நிரை, நிரல், மூலைவிட்டம் ஒவ்வொன்றிலும் அந்த நான்கில் சரியாக ஒன்றுதான் இருக்கலாம். கஜுராஹோ பார்சுவநாதர் கோயிலில் பொறித்த சதுரம் அப்படிப்பட்டது:

7 12 1 14
2 13 8 11
16 3 10 5
9 6 15 4

பெயர் எண் 14 என்றால் 13, 14, 15, 16 என்பவை 27, 28, 29, 30 ஆகும். எல்லாப் பக்கமும் 34+14 = 48. நான்கு மூலைக் கட்டங்கள், நடு நான்கு, கால் பகுதிகள்கூட 48தான். பிள்ளைகள் அசந்துபோவது அங்கேதான். பெயர் எண்ணைக் கழிக்க மட்டும் விடாதீர்கள்: 34க்குக் கீழே போனால் எண்கள் இரட்டிக்கும், அல்லது பூச்சியமும் குறை எண்ணும் வந்துவிடும்.

எழுத்தெண்ணி:
மெய் 18, அதாவது இரண்டு ஒன்பது. க ங ச ஞ ட ண த ந ப முதல் வரி, ம ய ர ல வ ழ ள ற ன இரண்டாம் வரி, இரண்டுக்கும் 1–9. உயிர்க்குறிகளைக் கணக்கில் எடுக்க வேண்டாம். பெயர் உயிரில் தொடங்கினால் மட்டும் அ 1, ஆ 2 என்று ஐ 9 வரை போய், ஒ, ஓ, ஔவுக்கு மறுபடி 1, 2, 3. முருகன் 1+3+1+9 = 14. இரட்டித்த மெய் இரண்டும் கணக்கில் வரும்: கண்ணன் 1+6+6+9 = 22. ஜ, ஸ, ஷ மூன்றையும் ‘ச’வோடு, ஹ-வைக் ‘க’வோடு சேருங்கள்; இதை எழுதிவைக்காவிட்டால் ராஜா வந்ததும் சண்டை.

22ஐ 2+2 = 4 என்று சுருக்கச் சொல்லாதீர்கள். சுருக்கினால் வகுப்பு முழுவதற்கும் ஒன்பதே சதுரம்.

பழைய தமிழ் எண்ணில் ‘அ’ 8, ‘வ’ கால். ஔவை பெயரில் வழங்கும் “எட்டேகால் லட்சணமே” வசை அதை வைத்துத்தான்: எட்டேகால் என்றால் ‘அவ’. பாட முகப்புக்கு அருமையான விடுகதை. ஆனால் உங்கள் அட்டவணையில் அ = 1; இரண்டும் ஒரே பக்கத்தில் வரக் கூடாது.

கட்டம்போடுபவன்:
பிடிபட்டது. 3×3 இருந்தால் இன்னும் எளிதாக இருக்குமே, அதில் முடியாதா?

சதுரங்கன்:
நினைத்த தொகையெல்லாம் அதில் வராது. 3×3இல் தொகை எப்போதும் நடு எண்ணின் மூன்று மடங்கு. பெயர் எண் 14ஐ அதன் தொகையாக்க முழு எண்ணில் வழியில்லை. நவக்கிரக எந்திரங்கள் இதற்குள்ளேயே நகர்கின்றன: சூரியனுக்கு 15, ஒவ்வொரு கட்டத்திலும் ஒன்று கூட்டினால் சந்திரனுக்கு 18, இப்படியே போய்க் கேதுவுக்கு 39. 1533இல் அச்சான அக்ரிப்பா என்ற ஐரோப்பியரின் மந்திர நூலோ கட்டத்தின் அளவை மாற்றுகிறது: சனிக்கு 3×3, சந்திரனுக்கு 9×9. முதல் பாடத்துக்கு நவக்கிரக முறை போதும், பெயர்ச் சதுரம் இரண்டாம் பாடம். 2×2 கேட்டு வருபவனுக்கு ஒரு வரி: ஒரே மூலைக் கட்டத்தை நிரையிலும் நிரலிலும் கூட்டித் தொகை ஒன்றாக வந்தால், பக்கத்துக் கட்டமும் கீழ்க் கட்டமும் ஒரே எண்.